போதுமான அளவு என்பது எவ்வளவு? ஆன்டிபயாடிக் சிகிச்சையும் மருந்தெதிர்ப்பும்

நோயாளியின் இரத்தத்திலோ சிறுநீரிலோ பாக்டீரியா வளர்ந்திருப்பது தெரியவந்தால், ஓரிரு நாட்களில் ஆய்வகத்திலிருந்து ஓர் அறிக்கை வரும். மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருக்க, ஒவ்வொன்றுக்கும் எதிரே எஸ், ஐ, ஆர் என்ற மூன்று எழுத்துகளில் ஒன்று அச்சாகியிருக்கும். எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படும், ஆர் என்றால் கட்டுப்படாது; ஐ என்பதன் பொருளைப் பின்னால் பார்ப்போம். சிகிச்சை முடிவுகள் பலவும் இந்த எழுத்தைப் பார்த்ததோடு முடிந்துவிடுகின்றன. ஆனால் அந்த எழுத்துக்குப் பின்னால் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணுக்கும் பின்னால், மருந்து உடலுக்குள் ஏறி இறங்கும் ஒரு வளைகோடு இருக்கிறது. எந்த மருந்து என்ற கேள்விக்கு எழுத்து விடை தருகிறது. எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒருமுறை, எவ்வளவு நேரத்தில் செலுத்துவது, எத்தனை நாள் என்ற கேள்விகளுக்கு வளைகோடுதான் விடை தர முடியும். மருந்தெதிர்ப்பைப் பற்றிய பொதுப் பேச்சு பெரும்பாலும் முதல் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது. மற்ற நான்கு கேள்விகளிலும் மருந்தெதிர்ப்பு உருவாகிறது, தடுக்கவும்படுகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945 டிசம்பரில் ஆற்றிய நோபல் உரையில் ஓர் எச்சரிக்கை விடுத்தார். கொல்லப் போதாத அளவு பெனிசிலினில் நுண்ணுயிர்களை வளர்த்தால் அவை மருந்துக்கு அடங்காதவையாக மாறிவிடுவதை ஆய்வகத்தில் எளிதாகக் காணலாம் என்றும், அதுவே மனித உடலிலும் நேரக்கூடும் என்றும் சொன்ன அவர், பெனிசிலினைக் கொடுப்பதானால் போதுமான அளவு கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்த எச்சரிக்கை இன்றுவரை திரும்பத் திரும்ப நினைவுகூரப்படுகிறது. ஆனால் போதுமான அளவு என்பது எவ்வளவு என்பதை அன்று யாராலும் துல்லியமாகச் சொல்லியிருக்க முடியாது. அந்த ஒரு சொல்லுக்குப் பொருள் தேடிய முயற்சியிலிருந்து வளர்ந்ததுதான் ஆன்டிபயாடிக் மருந்துகளின் விளைவியல்.

இத்துறையில் இரு கேள்விகள் கைகோத்துச் செல்கின்றன. உடல் மருந்தை என்ன செய்கிறது, அதாவது எவ்வளவு உறிஞ்சுகிறது, எங்கெல்லாம் பரப்புகிறது, எவ்வளவு விரைவில் வெளியேற்றுகிறது என்பதை ஆராய்வது மருந்தியக்கவியல். அந்த மருந்து தன் இலக்கை என்ன செய்கிறது என்பதை ஆராய்வது மருந்து விளைவியல். இரத்த அழுத்த மாத்திரைக்கும் வலி மாத்திரைக்கும் இலக்கு நோயாளியின் சொந்தச் செல்களிலேயே இருக்கிறது. ஆன்டிபயாடிக்கின் இலக்கோ வேறோர் உயிர். சில மணி நேரத்தில் பல தலைமுறைகளைக் கடந்து பெருகுவது, பெருகும்போதே மாறுவது. ஆகவே இங்கு அளவு என்பது மருந்துக்கும் நோயாளிக்கும் இடையிலான கணக்கோடு முடிவதில்லை. மூன்றாவதாக ஒரு தரப்பு அந்த அளவுக்குத் தன்னைத் தகவமைத்துக்கொண்டே இருக்கிறது.

முதலில் அந்த எண். ஆய்வகத்தில் ஒரு வரிசையாகச் சோதனைக் குழாய்களை, அல்லது இன்றைய வழக்கப்படி ஒரு தட்டில் உள்ள சிறு குழிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் வளர்ப்பு ஊடகத்தை ஊற்றுகிறார்கள். முதல் குழியில் லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் மருந்து இருந்தால் அடுத்ததில் 0.5, பிறகு 1, 2, 4, 8 என்று இரட்டிப்பாகிக்கொண்டே போகும். ஒவ்வொன்றிலும் மில்லிலிட்டருக்குச் சுமார் 5 லட்சம் பாக்டீரியாக்கள் இருக்குமாறு கலந்து, 35 டிகிரி வெப்பத்தில் 16 முதல் 20 மணி நேரம் வைத்திருந்து மறுநாள் பார்க்கிறார்கள். பாக்டீரியா வளர்ந்த குழிகள் கலங்கலாக இருக்கும், வளராதவை தெளிந்திருக்கும். தெளிந்தவற்றுள் மிகக் குறைந்த மருந்து உள்ள குழியின் செறிவுதான் குறைந்தபட்சத் தடைச் செறிவு. மருத்துவர்கள் சுருக்கமாக எம்.ஐ.சி. என்பது இதைத்தான்.

இந்த எண் மிகவும் பயனுள்ளது. எனினும் அதன் எல்லைகளை மறந்துவிடக் கூடாது. குழிக்குள் மருந்தின் செறிவு ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. நோயாளியின் இரத்தத்திலோ அது ஒரு கணமும் நிலையாக இருப்பதில்லை. குழியில் உள்ள 5 லட்சம் எங்கே, சீழ்க்கட்டியிலோ நிமோனியா பற்றிய நுரையீரலிலோ குவிந்திருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் எங்கே! தெளிந்த குழியில் பாக்டீரியா வளரவில்லை என்பதைத்தான் கண் சொல்கிறது. அனைத்தும் செத்துவிட்டன என்று சொல்வதற்கில்லை. அதோடு, இரட்டிப்பு வரிசையில் அளப்பதால், மறுமுறை அளக்கும்போது ஒரு படி மேலேயோ கீழேயோ நகர்வது இயல்பு. 2 என்று வந்த எண் நாளை 4 என்று வரலாம்.

இனி வளைகோடு. ஒரு மருந்தை இரத்த நாளம் வழியே சட்டென்று செலுத்தியதும் இரத்தத்தில் அதன் செறிவு லிட்டருக்கு 40 மில்லிகிராமை எட்டுகிறது என்றும், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அது பாதியாகக் குறைகிறது என்றும், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை மருந்து கொடுக்கப்படுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். பென்சிலும் தாளும் போதும். 40 என்பது ஒரு மணி நேரத்தில் 20 ஆகும், பிறகு 10, 5, 2.5, 1.25. கிருமியின் எம்.ஐ.சி. 2 என்றால், சுமார் 4.3 மணி நேரம் மருந்து அதற்கு மேலே நிற்கிறது. 8 மணி நேர இடைவெளியில் இது 54 விழுக்காடு. அதே மருந்துக்கு எம்.ஐ.சி. 8 ஆக உள்ள கிருமி வந்தால் அந்த நேரம் 2.3 மணியாகச் சுருங்கிவிடுகிறது. அது 29 விழுக்காடு. சரி, மருந்தை இரட்டிப்பாக்குவோம் என்றால் 80-இலிருந்து தொடங்கும் வளைகோடு கூடுதலாக ஒரே ஓர் அரை ஆயுட்காலத்தை, அதாவது செறிவு பாதியாகக் குறைய ஆகும் ஒரு மணி நேரத்தைத்தான் பெற்றுத்தருகிறது. 29 விழுக்காடு 42 ஆகிறது. இப்போது இரட்டிப்பாக்காமல், முதலில் கொடுத்த அதே அளவை 4 மணி நேரத்துக்குச் சீராக ஏறும் சொட்டு மருந்தாக மாற்றிப் பார்ப்போம். உச்சம் 40-ஐ எட்டாது, சுமார் 13.5-உடன் நின்றுவிடும். ஆனால் 8 என்ற கோட்டுக்கு மேலே அது 3.6 மணி நேரம் இருக்கும், 45 விழுக்காடு. மருந்தை இருமடங்காக்கியும் கிடைக்காத பயன், அதே மருந்தை மெதுவாகச் செலுத்தியதில் கிடைக்கிறது. இந்தக் கணக்கை ஒருமுறை தானே போட்டுப் பார்த்த எவருக்கும், டோஸ் என்பது மில்லிகிராம் மட்டுமே என்ற எண்ணம் போய்விடும் என்பது என் அனுபவம்.

ஆனால் அதே கணக்கு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. எம்.ஐ.சி. 16 ஆக உள்ள கிருமிக்கு, 13.5-ஐத் தாண்டாத அந்தச் சொட்டு மருந்து ஒரு நிமிடம்கூடக் கோட்டுக்கு மேலே வராது. மெதுவாகச் செலுத்துவது உச்சத்தை விற்று நேரத்தை வாங்கும் பேரம். எல்லாக் கிருமிக்கும் எல்லா மருந்துக்கும் அது லாபமாகாது.

எந்த மருந்துக்கு நேரம் முக்கியம், எதற்கு உச்சம் முக்கியம் என்பதை அறியப் பல பத்தாண்டுகள் ஆயின. பின்னாளில் செல் வளர்ப்பு ஊடகங்களால் உலகறிந்த ஹாரி ஈகிள், 1940-களின் பிற்பகுதியிலும் 1950-களின் தொடக்கத்திலும் பெனிசிலினை ஆராய்ந்து, அது கொல்லும் வேகம் ஓரளவு செறிவுக்கு மேல் கூடுவதில்லை என்றும், பயனுள்ள செறிவு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதே நோய் குணமாவதைத் தீர்மானிக்கிறது என்றும் காட்டினார். பின்னர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிரெய்க்கும் அவருடைய சகாக்களும் இக்கேள்வியை முறைப்படுத்தினார்கள். வெள்ளணுக்கள் குறைக்கப்பட்ட எலியின் தொடைத்தசையில் தொற்றை உண்டாக்கி, ஒரே மொத்த அளவை ஒருமுறையாகவும், இரண்டாகவும், நான்காகவும், எட்டாகவும் பிரித்துக் கொடுத்தார்கள். பிரிக்கப் பிரிக்க உச்சம் தாழ்கிறது, கோட்டுக்கு மேலுள்ள நேரம் நீள்கிறது, வளைகோட்டின் கீழுள்ள மொத்தப் பரப்பு மட்டும் மாறுவதில்லை. இம்மூன்றுள் எது மாறும்போது பாக்டீரியாக்களின் எண்ணிக்கை சரிகிறது என்று பார்த்தால், மருந்தின் குணம் வெளிப்பட்டுவிடும். கருத்தில் எளியதாகவும் பலனில் பெரியதாகவும் அமைந்த இத்தகைய ஆய்வு மருத்துவத்தில் அரிது.

பெனிசிலின், செபலோஸ்போரின், கார்பபெனம் ஆகிய பீட்டா லாக்டம் வகைகளுக்கு நேரமே அளவுகோல் என்பது அவ்வாறு உறுதியாயிற்று. இரத்தப் புரதங்களோடு ஒட்டாமல் சுதந்திரமாக உலவும் மருந்து மட்டுமே கிருமியைத் தாக்க முடியும் என்பதால் கணக்கில் சேர்வது அந்தப் பகுதி மட்டுமே. செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்தில் 85 முதல் 95 விழுக்காடு புரதத்தோடு ஒட்டியே இருக்கும் என்பதை நினைத்தால் இந்த வேறுபாடு சிறியதல்ல என்பது புரியும். கார்பபெனம் வகை நன்றாகக் கொல்வதற்கு இடைவெளியில் சுமார் 40 விழுக்காடு நேரமும், பெனிசிலின் வகைக்குச் சுமார் 50 விழுக்காடும், செபலோஸ்போரினுக்கு 60 முதல் 70 விழுக்காடும் தேவைப்படுகின்றன.

ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற அமினோகிளைகோசைடுகள் நேர்மாறானவை. அவற்றின் உச்சம் எம்.ஐ.சி.யைப்போல் 8 முதல் 10 மடங்காக உயர்ந்த நோயாளிகள் நன்றாகக் குணமடைந்ததை 1987-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதுவரை 8 மணி நேரத்துக்கு ஒருமுறை சிறு அளவுகளாகக் கொடுத்துவந்ததைக் கூட்டி, நாளுக்கு ஒரே முறையாகக் கொடுக்கலாமே என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பெற்றது. சிறுநீரகத்தைப் பாதிக்கும் மருந்தை இவ்வளவு உயரமாக ஏற்றினால் கேடு கூடாதா என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் சிறுநீரகத்தின் புறணிச் செல்கள் இம்மருந்தை உள்வாங்கும் வழி ஒரு வரம்புக்கு மேல் நிரம்பிவிடுகிறது. உச்சம் எவ்வளவு உயர்ந்தாலும் அவை அதற்கேற்ப வாங்கிக்கொள்வதில்லை, நாள் முழுவதும் தாழ்ந்த அளவில் மருந்து சுற்றிக்கொண்டிருந்தால்தான் தொடர்ந்து சேர்த்துக்கொண்டே போகின்றன. பாக்டீரியா பக்கத்திலும் ஒரு வசதி உண்டு: மருந்து வடிந்த பிறகும் சில மணி நேரம் அவற்றால் தலையெடுக்க முடிவதில்லை. மேலும், முதல் தாக்குதலுக்குப் பிறகு பாக்டீரியா தற்காலிகமாக மருந்தை உள்ளே விடாமல் தன்னைப் பூட்டிக்கொள்ளும். மருந்தில்லாத நீண்ட இடைவெளி கிடைத்தால் அந்தப் பூட்டு தளர்ந்து, அடுத்த டோஸ் மறுபடியும் முழுமையாக வேலை செய்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்று நாளுக்கு ஒருமுறை கொடுத்த 2,184 நோயாளிகளின் அனுபவம் 1995-இல் வெளிவந்தபின் இம்முறை பரவலாக ஏற்கப்பட்டது. கிருமிக்குக் கூடுதல் அடி, சிறுநீரகத்துக்குக் குறைந்த சுமை என்று இரண்டும் ஒரே மாற்றத்தில் கிடைத்த இந்த நிகழ்வை, இத்துறை மருத்துவத்துக்கு அளித்த மிகத் தெளிவான கொடையாக நான் கருதுகிறேன்.

சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளூரோகுவினோலோன்களுக்கும் வான்கோமைசினுக்கும் 24 மணி நேர வளைகோட்டின் கீழுள்ள பரப்பை எம்.ஐ.சி.யால் வகுத்த விகிதம் அளவுகோலாகிறது. வான்கோமைசினில் இந்த விகிதம் 400-க்கும் 600-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்று 2020-இல் அமெரிக்க மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டுதல் மாற்றப்பட்டது. அதற்கு முன் அடுத்த டோசுக்குச் சற்று முன்பு எடுக்கும் ஒற்றை இரத்த மாதிரியில் மருந்தின் செறிவு லிட்டருக்கு 15 முதல் 20 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும் என்ற விதியைப் பின்பற்றி, தேவைக்கு மேல் மருந்து ஏற்றிச் சிறுநீரகத்தைப் பாதித்துவந்தோம்.

இதுவரை சொன்னதெல்லாம் நோயாளியைக் குணமாக்கும் கணக்கு. மருந்தெதிர்ப்பைத் தடுக்கும் கணக்கு இதிலிருந்து கிளைத்தாலும் அதன் இலக்கு வேறு. ஒரு தொற்றில் 100 கோடி பாக்டீரியாக்கள் இருந்து, அவற்றில் 10 கோடிக்கு ஒன்று என்ற விகிதத்தில் தற்செயல் மரபணு மாற்றம் நிகழ்ந்திருந்தால், முதல் டோஸ் கொடுக்கும் முன்பே அங்கே சுமார் 10 எதிர்ப்புள்ள பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன. மருந்து அவற்றை உருவாக்குவதில்லை. அவற்றோடு போட்டியிட்ட கூட்டத்தை அகற்றி இடத்தைக் காலியாக்கித் தருகிறது. ஆய்வக அறிக்கையில் உள்ள எம்.ஐ.சி., பெரும்பான்மையின் எண். அந்த 10 பாக்டீரியாக்களுக்கு எம்.ஐ.சி. அதைவிட நான்கு மடங்காகவோ எட்டு மடங்காகவோ இருக்கலாம். ஆனால் 5 லட்சம் பாக்டீரியாக்கள் மட்டும் உள்ள குழியில் அவை தலைகாட்டவே வாய்ப்பில்லை.

1990-களின் இறுதியில் கார்ல் டிரிலிக்காவும் சிலின் சாவோவும் முன்வைத்த கருத்து இங்குதான் பொருந்துகிறது. பெரும்பான்மையைத் தடுக்கும் செறிவு ஒன்று; ஒரே ஒரு மரபணு மாற்றம் பெற்றவற்றையும் சேர்த்துத் தடுக்கும் செறிவு அதற்கு மேலே இன்னொன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியை அவர்கள் திரிபுத் தேர்வுச் சாளரம் என்றார்கள். மருந்து இந்தச் சாளரத்துக்குள் தங்கும் நேரம் முழுவதும் எளிய பாக்டீரியாக்கள் மடிகின்றன, வலியவை பெருகுகின்றன. சாளரத்துக்கு மேலே இருந்தால் இரண்டும் மடியும்.

இதன் விளைவு, முதல் பார்வைக்கு முரணாகத் தோன்றும் ஓர் உண்மை. மருந்தின் அளவைப் பூச்சியத்திலிருந்து கூட்டிக்கொண்டே போனால், எதிர்ப்புள்ள பாக்டீரியாக்களின் எண்ணிக்கை முதலில் ஏறி, ஓர் உச்சத்தை அடைந்து, பிறகு இறங்குகிறது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வு இதை எலிகளில் துல்லியமாகக் காட்டியது. சூடோமோனாஸ் ஏருஜினோசா தொற்றுக்கு லெவோஃப்ளாக்சசின் கொடுத்தபோது, பரப்பு விகிதம் 52 ஆக இருந்தால் எதிர்ப்புள்ள கூட்டம் பெருகும், 157 ஆக இருந்தால் அடங்கும் என்று கணிதம் முன்கூட்டியே சொன்னது; செய்து பார்த்தபோது அப்படியே நடந்தது. பாக்டீரியாவைக் குறைப்பதற்குப் போதுமான அளவும், எதிர்ப்பை அடக்கப் போதுமான அளவும் ஒன்றல்ல. ஃபிளெமிங்கின் சொல்லுக்கு இரு பொருள் இருப்பது இங்கே தெரியவருகிறது. நோயாளிக்குக் காய்ச்சல் தணிந்து, எண்ணிக்கை குறைந்து, எல்லாம் நலமாகத் தோன்றும் அதே அளவு, மருந்தெதிர்ப்புக்கு மிகவும் உவப்பான அளவாக இருக்கக்கூடும். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அளவைச் சற்றுக் குறைத்துக் கொடுக்கும் பழக்கம் எனக்குக் கவலை தருவது இதனால்தான்.

சாளரத்தை எப்போதும் ஒற்றை மருந்தால் தாண்டிவிட முடியாது; நச்சுத்தன்மை குறுக்கே நிற்கும். அங்கே கூட்டுச் சிகிச்சை வருகிறது. 1948-இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட புகழ்பெற்ற காசநோய் ஆய்வில், ஸ்ட்ரெப்டோமைசின் பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் ஆறு மாதங்களுக்குள் இறந்தனர். வியத்தகு வெற்றி; ஆனால் மருந்து பெற்றவர்களில் பெரும்பாலானோரின் சளியில் விரைவிலேயே ஸ்ட்ரெப்டோமைசினுக்கு அடங்காத கிருமிகள் தோன்றிவிட்டன. காரணத்தை எளிய பெருக்கல் விளக்கும். ஐசோனியசிடுக்கு எதிர்ப்பு சுமார் 10 லட்சத்தில் ஒரு கிருமியிலும், ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு சுமார் 10 கோடியில் ஒன்றிலும் இயல்பாகவே இருக்கும். நுரையீரல் குழி ஒன்றில் 10 கோடிக் கிருமிகள் இருக்க, ஒரு மருந்து மட்டும் கொடுத்தால் எதிர்ப்புள்ளவை பெரும்பாலும் மிஞ்சும். இரண்டையும் ஒருங்கே எதிர்க்கும் கிருமியோ ஒரு கோடி கோடியில் ஒன்று. ஆனால் இந்தப் பெருக்கல் செல்லுபடியாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இரு மருந்துகளும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், போதிய செறிவில் இருக்க வேண்டும். ஒன்று விரைவில் வடிந்து மற்றொன்று தங்கிவிட்டாலோ, ஒன்று மட்டும் நோயுற்ற திசுவின் உட்புறம்வரை ஊடுருவினாலோ, அந்த நேரத்தில் அந்த இடத்தில் நடப்பது ஒற்றை மருந்துச் சிகிச்சைதான். மருந்துச் சீட்டு அதைக் காட்டாது.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்க, படுக்கையோரத்தில் அது ஏன் தடுமாறுகிறது என்ற கேள்வி எழும். முதன்மையான காரணம், மனித உடல்கள் ஒன்றுபோல் இல்லாமை. தீவிர சிகிச்சைப் பிரிவில் அருகருகே இரு படுக்கைகளில் ஒரே எடையுள்ள இருவர் ஒரே தொற்றோடு இருக்கலாம். ஒருவர் விபத்தில் காயமுற்ற இளைஞர். அவருடைய சிறுநீரகம் இயல்பைவிட வேகமாக, நிமிடத்துக்கு 130 மில்லிலிட்டருக்கும் மேல் இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டிருக்கும். இன்னொருவர் முதியவர்; சிறுநீரகம் தளர்ந்து, உடலெங்கும் நீர் கோத்திருக்கும். ஒரே டோஸ் முதலாமவரிடம் அடுத்த வேளை வருவதற்கு வெகுமுன்பே வடிந்து அவரைச் சாளரத்துக்குள் தள்ளுகிறது. இரண்டாமவரிடம் தேங்கி நச்சாகிறது. 2014-இல் வெளியான டாலி ஆய்வு, தொற்றுக்குச் சிகிச்சை பெற்ற தீவிர நோயாளிகள் 248 பேரில் 16 விழுக்காட்டினர் பீட்டா லாக்டம் மருந்துகளுக்கான மிகக் குறைந்த இலக்கைக்கூட எட்டவில்லை என்றும், அவர்கள் நலம்பெறும் வாய்ப்பு குறைந்திருந்தது என்றும் கண்டது.

அப்படியானால் பீட்டா லாக்டம் மருந்துகளை நாள் முழுவதும் தொடர்சொட்டாகவே கொடுத்துவிட்டால் என்ன? கோட்பாடு ஆம் என்கிறது. சோதனைகளின் பதில் அவ்வளவு எளிதல்ல. 607 பேரைக் கொண்டு 2023-இல் வெளியான மெர்சி ஆய்வில், மெரோபெனத்தைத் தொடர்ச்சியாகக் கொடுத்தபோதும் விட்டுவிட்டுக் கொடுத்தபோதும், இறப்பையும் கடும் மருந்தெதிர்ப்பின் தோற்றத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட விகிதம் 47, 49 விழுக்காடு என்று ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 7,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற பிளிங் 3 ஆய்வில், 2024-இல் வெளியான முடிவுகளின்படி, 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் தொடர்சொட்டுப் பிரிவில் 24.9 விழுக்காடு, மற்ற பிரிவில் 26.8 விழுக்காடு, வேறுபாடு நம்பிக்கை தரும் திசையில் இருந்தும் புள்ளியியல் வரம்பைத் தொடவில்லை. அந்த ஆண்டே, இதையும் உள்ளடக்கி 18 சோதனைகளைத் திரட்டிய பகுப்பாய்வு, நீட்டித்துச் செலுத்துவது இறப்பைக் குறைக்கிறது என்ற முடிவுக்கு வந்தது. என் கணிப்பில் இச்சோதனைகள் கோட்பாட்டைப் பொய்யாக்கவில்லை. யாருக்கு அது பயன்படும் என்பதைச் சுட்டுகின்றன. எம்.ஐ.சி. மிகக் குறைவாக உள்ள கிருமிக்கு எப்படிக் கொடுத்தாலும் மருந்து நாள் முழுவதும் கோட்டுக்கு மேலேதான் நிற்கும். எம்.ஐ.சி. மிக உயர்ந்த கிருமிக்கு எதுவும் உதவாது. நடுவில் உள்ளவர்களுக்குத்தான் வளைகோட்டின் வடிவம் உயிரைக் காக்கும். எல்லோரையும் கலந்து சராசரி எடுக்கும்போது அந்த நடுப்பகுதி கரைந்துவிடுகிறது.

அறிக்கையின் அந்த எழுத்துகளும் இப்போது வேறு வெளிச்சத்தில் தெரியும். எஸ் என்றும் ஆர் என்றும் பிரிக்கும் எல்லைக்கோட்டை வகுப்பவர்கள், ஆயிரக்கணக்கான கற்பனை நோயாளிகளின் வளைகோடுகளைக் கணினியில் உருவகித்து, குறிப்பிட்ட டோசில் எத்தனை பேர் இலக்கை எட்டுவார்கள் என்று பார்த்து வகுக்கிறார்கள். ஆகவே எஸ் என்ற எழுத்துக்குள் ஒரு டோஸ் மறைந்திருக்கிறது. அந்த டோசைக் கொடுக்காதவருக்கு அந்த எழுத்து பொருந்தாது. ஐரோப்பாவின் யூகாஸ்ட் குழு 2019-இல் ஐ என்பதன் பொருளையே மாற்றி, மருந்தின் அளவைக் கூட்டினால் கட்டுப்படும் கிருமி என்று வரையறுத்தது. இடைநிலை என்ற பழைய பொருளில் ஐ-யைக் கண்டாலே ஒதுக்கிவிட்டு, இன்னும் வலிய மருந்துக்குத் தாவும் பழக்கத்தை இது குறைக்க வேண்டும். ஏனெனில் அப்படித் தாவும் ஒவ்வொரு முறையும் கடைசி நிலையில் வைத்திருக்க வேண்டிய மருந்து ஒன்று தேய்கிறது.

இடமும் முக்கியம். இரத்தத்தில் சரியான வளைகோடு, தொற்றுள்ள திசுவில் சரியானதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. டாப்டோமைசின் இரத்தத் தொற்றில் சிறந்த மருந்து. நிமோனியாவுக்கோ உதவாது, நுரையீரலின் காற்றறைகளில் பூசியிருக்கும் மேற்பரப்புத் திரவம் அதைப் பிணைத்துச் செயலிழக்கச் செய்துவிடுகிறது.

இனி எத்தனை நாள் என்ற கேள்வி. இதுவரை கூறியதைப் படித்தவர், அதிகம் கொடுப்பதே மருந்தெதிர்ப்புக்கு மருந்து என்று முடிவுசெய்துவிடலாம். அளவுக்குப் பொருந்துவது கால அளவுக்குப் பொருந்தாது. தொற்றுள்ள இடத்தில் முதல் சில நாட்களில் எண்ணிக்கை சரிந்துவிட்டால், புதிய திரிபு தோன்றும் வாய்ப்பும் அங்கே சரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகான ஒவ்வொரு நாளும் மருந்தின் அழுத்தத்தைத் தாங்குவது பெரும்பாலும் குடலிலும் தோலிலும் தொண்டையிலும் வாழும், நோயோடு தொடர்பே இல்லாத பாக்டீரியாக்கள். பிரான்சின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், செயற்கைச் சுவாசத்தில் இருந்தபோது நிமோனியா கண்ட 401 பேரை 8 நாள், 15 நாள் என்று பிரித்துச் சிகிச்சையளித்த ஆய்வு 2003-இல் வெளியானது. இறப்பில் வேறுபாடு இல்லை. நுரையீரல் தொற்று மீண்டும் வந்தவர்களில் பல மருந்துகளை எதிர்க்கும் கிருமிகள் தோன்றியது 15 நாள் பிரிவில் 62 விழுக்காடு, 8 நாள் பிரிவில் 42 விழுக்காடு. காசநோய் போன்ற மெதுவாக வளரும் தொற்றுகளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அங்கே குறைந்த நாட்கள் நேரடி ஆபத்து. ஆனால் பொதுவான கடுந்தொற்றுகளில், முதல் நாளிலிருந்தே முழு அளவு, தேவை தீர்ந்ததும் நிறுத்தம் என்பதையே இச்சான்று காட்டுகிறது.

குடலின் நிலை தனியே சிந்திக்க வேண்டியது. சாளரக் கருத்து, தொற்றுள்ள இடத்தில் தற்செயல் திரிபால் எழும் எதிர்ப்பை விளக்குகிறது. இன்று மருத்துவமனைகளை அலைக்கழிக்கும் எதிர்ப்பு பலவும் அப்படி வருவதில்லை. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் மரபணுத் துண்டுகளாக வருகிறது. பலவகை பாக்டீரியாக்கள் நெருங்கி வாழும் குடல் அந்தக் கைமாற்றத்துக்கு ஏற்ற இடம். அங்கே மருந்தின் செறிவு எம்.ஐ.சி.யை எட்டத் தேவையே இல்லை. ஸ்வீடனின் உப்சாலாவில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு, எம்.ஐ.சி.யைவிடப் பன்மடங்கு தாழ்ந்த செறிவுகளிலும் எதிர்ப்புள்ளவை மற்றவற்றை முந்திப் பெருகுவதைக் காட்டியது. நுரையீரலில் சாளரத்தைத் தாண்ட வேண்டும் என்று உயர்த்திய அளவு, குடலில் வேறொரு தேர்வை நடத்திக்கொண்டிருக்கலாம். இவ்விரண்டையும் ஒரே டோசால் சரிசெய்ய முடியாது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதனால் இரண்டையும் பிரித்துவிடும் முயற்சிகள் தொடங்கியிருக்கின்றன. செஃப்ட்ரியாக்சோன் ஊசியோடு சேர்த்து, குடலில் வந்து விழும் மருந்தை மட்டும் சிதைக்கும் ரிபாக்சமேஸ் என்ற நொதியை வாய்வழி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். குடலைத் தாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் தொற்று அதனால் குறைந்தது. இன்னொரு முயற்சியில், சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கு வந்த பிறகே திறக்கும்படி பூசப்பட்ட கரித்துகளை, மாக்சிஃப்ளாக்சசின் உட்கொண்ட ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்தார்கள். மருந்து அதற்குள் மேற்குடலிலேயே உறிஞ்சப்பட்டு இரத்தத்துக்குப் போய்விட்டிருந்ததால் இரத்தத்தின் வளைகோடு மாறவில்லை. மலத்தில் சுதந்திரமாக இருந்த மருந்து மட்டும் 99 விழுக்காடு குறைந்தது. ஒரே உடலில், ஒரே நேரத்தில், ஒரே மருந்துக்கு இரண்டு வளைகோடுகள் வரைய முடியும் என்பதற்கு அது முதல் சான்றுகளில் ஒன்று. அத்தகைய பாதுகாப்பு எதிர்ப்பு மரபணுக்கள் பரவுவதையும் குறைக்கிறதா என்பதை இனி உண்மையான நோயாளிகளிடம், நீண்ட காலக் கண்காணிப்போடு அளந்துபார்க்க வேண்டும்.